கடைக் கதவு அடைபடும் நாள்

கடை ஊழியர்களிடையே பணியாற்றும் தோழர்களுக்காகச் சத்தியவேட்டில் நடத்தப்பெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்

தோழர்களே!

ஞாயிற்றுக்கிழமை யாருடைய நாள் என்பதுதான் இன்றைய வகுப்பின் கேள்வி. கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் இரண்டு பகுதித் தொழிலாளர்களை எதிரெதிரே நிறுத்திவிடக் கூடிய ஆற்றல் இக்கேள்விக்கு உண்டு.

2008-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டித் தொழில் நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் வாழ்க்கையையே மாற்றியமைத்திருக்கிறது. ஆலையில் ஆறு நாள் உழைக்கும் தொழிலாளிக்கு ஓய்வு ஒரு நாள். அரிசி பருப்பு வாங்குவதும், பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதும், பழுதான கைப்பேசியைச் சரிசெய்வதும், அடகுவைத்த நகைக்கு வட்டி கட்டுவதும் அந்த ஒரு நாளில்தான் இயலும். அதே ஞாயிறு, ஜவுளிக்கடையில் நின்று விற்கும் பெண்ணுக்கு வாரத்திலேயே மிகக் கடினமான நாள். அண்ணன் ஆலையிலும் தங்கை கடையிலும் வேலை செய்யும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அண்ணனின் ஓய்வு நாள் எதுவோ, அதுவே தங்கையின் நீண்ட வேலை நாள். ஒரே கூரையின் கீழ் வாழும் இருவருக்கும் சேர்ந்து உண்ண ஒரு பகற்பொழுது வாய்ப்பதில்லை.

கடை ஊழியர்க்கு வார ஓய்வு வேண்டுமென்று சங்கம் கேட்கும்போதெல்லாம், "அப்படியானால் ஆலைத் தொழிலாளி எப்போது கடைக்கு வருவார்?" என்ற எதிர்க்கேள்வி உடனே எழுகிறது. நுகர்வோரின் பெயரால் எழுப்பப்படும் இக்கேள்வியை முதலாளியின் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. அதில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்கு விடை கண்ட பிறகே இயக்கம் கோரிக்கையை முன்வைக்க வேண்டும்.

இலண்டன் தந்த இரண்டு பாடங்கள்

இந்தச் சிக்கல் சத்தியவேட்டில் புதிதாக முளைத்ததன்று. ஐரோப்பாவின் தொழிலாளி வர்க்கம் 170 ஆண்டுகளுக்கு முன்பே இதை எதிர்கொண்டது. அதை நேரில் கண்டு எழுதியவர் காரல் மார்க்ஸ்.

1855-ஆம் ஆண்டு இலண்டனில் ஞாயிறு வணிகத்தைத் தடை செய்யும் மசோதா ஒன்றை ராபர்ட் குரோவ்னர் பிரபு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். வழிபாட்டு நாளின் தூய்மையைக் காப்பது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உழைக்கும் மக்கள் கொதித்தெழுந்தனர். அவர்களுக்குச் சனிக்கிழமை இரவு நெடுநேரம் கழித்தே கூலி கைக்கு வரும். ஞாயிறு காலையில்தான் ரொட்டியும் இறைச்சியும் வாங்க முடியும். செல்வந்தர்களின் சங்கங்களும் விருந்து மாளிகைகளும் ஞாயிறன்று திறந்தே இருந்தன. ஏழையின் கடைக்கு மட்டும் பூட்டு. ஜூன் 24 அன்று ஹைட் பூங்காவில் திரண்ட பெருங்கூட்டம், அங்கே உலா வந்த பிரபுக்களின் வண்டிகளைப் பார்த்துத் தேவாலயத்துக்குப் போகும்படி கூச்சலிட்டு ஏளனம் செய்தது. கூட்டத்தில் இருந்து அதைக் கண்ட மார்க்ஸ் பத்திரிகைக்கு விரிவாக எழுதினார். ஜூலைத் தொடக்கத்தில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டால், கடைகள் ஞாயிறன்றும் திறந்திருப்பதே தொழிலாளிக்கு நன்மை என்ற முடிவுக்கு வர நேரும். அதே மார்க்ஸ் 1867-இல் வெளியான 'மூலதனம்' முதல் பாகத்தில், வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பொன்றில் இன்னொரு செய்தியைப் பதிவு செய்கிறார். 1863-இல் இலண்டன் மீன்கடை, கோழிக்கடைச் சிப்பந்திகள் ஞாயிறு வேலையை ஒழிக்குமாறு விண்ணப்பம் கொடுத்தனர். வாரத்தின் ஆறு நாட்களிலும் சராசரி 15 மணி நேரம், ஞாயிறன்று மேலும் 8 முதல் 10 மணி நேரம் என்பது அவர்களின் வேலைச் சுமை. அவர்களுடைய ஞாயிறு உழைப்பால் நாவின் சுவையைப் பெருக்கிக்கொண்டவர்கள், பக்தியைப் பறைசாற்றிய மேட்டுக்குடியினரே என்று மார்க்ஸ் சுட்டிக்காட்டுகிறார்.

எட்டாண்டு இடைவெளியில் ஒரே நகரில் தொழிலாளர் ஒரு பகுதியினர் ஞாயிறு வணிகத்துக்காகப் போராடினர்; இன்னொரு பகுதியினர் ஞாயிறு வேலைக்கு எதிராகப் போராடினர். இரண்டும் நியாயமான போராட்டங்களே. முரண்பாடு தொழிலாளர்களின் மனத்தில் இல்லை. ஆலை முதலாளி கூலியை எப்போது கொடுக்கிறான், எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறான் என்பதில் இருந்தது. சனிக்கிழமை நண்பகலில் கூலியும் ஓய்வும் கிடைத்திருந்தால், ஞாயிறு காலையில் கடையைத் தேடி அலையும் தேவை அந்தத் தொழிலாளிக்கு இருந்திராது. கடை திறக்கும் நேரம் கடைக்குள்ளேயே தீர்க்கப்படும் சிக்கலன்று. ஆலையின் வேலை நேரத்தோடு அது பிணைந்து கிடக்கிறது. இதுவே முதற்பாடம்.

இந்தியாவில் வார ஓய்வு வந்த வழி

இந்தியத் தொழிலாளிக்கு வார ஓய்வு எவருடைய கருணையாலும் கிடைக்கவில்லை. மகாத்மா ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். வார விடுமுறை அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. பல்லாயிரம் தொழிலாளர்கள் திரண்ட கூட்டங்களுக்குப் பின், 1890 ஜூன் 10 அன்று பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். அடுத்த ஆண்டு 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம் பெற்றது.

ஞாயிறு விடுமுறை ஒரு மதத்துக்கு உரியது, வெள்ளையர் விட்டுச் சென்ற எச்சம் என்று பேசுவோர் இந்த வரலாற்றை மறைக்கிறார்கள். ஐரோப்பாவில் அந்த நாளுக்கு மதப் பின்னணி இருந்தது மெய்தான். ஆனால் இந்திய ஆலைத் தொழிலாளியின் ஞாயிற்றைக் கேட்டுப் பெற்றவர் சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த ஓர் இயக்கத்தின் தலைவர். 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் இதே மரபின் தொடர்ச்சியே. உழைப்பவனுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்பது அந்த மரபின் உயிர்நாடி.

ஆயினும் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த உரிமை கடைச் சிப்பந்திக்கு அரை நூற்றாண்டுக் காலம் எட்டவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் தொழில் நிறுவனங்களுக்கான வார ஓய்வு உடன்படிக்கையை, அதாவது 14-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா 1923-இல் அதை ஏற்றது. வணிக நிலையங்களுக்கும் அலுவலகங்களுக்கும் வார ஓய்வை வரையறுக்கும் 106-ஆம் உடன்படிக்கை 1957-இல் வந்தது. அதை இந்தியா ஏற்கவில்லை. ஆலைக்கு ஒரு நீதி, கடைக்கு ஒரு நீதி என்ற நிலை இன்றும் தொடர்கிறது.

கடைகளைப் பொறுத்தவரை 1942-ஆம் ஆண்டு வார விடுமுறைச் சட்டம் குறிப்பிடத்தக்கது. மாநில அரசு அறிவித்தால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும் என்பது அதன் பெருங்குறை. ஆனாலும் அதன் அமைப்பைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கடைகள், உணவகங்கள், திரையரங்குகள் ஆகிய மூன்றிலும் வேலை செய்வோர்க்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஊதியம் குறையாத விடுமுறை வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. கடைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி வைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் கடை முழுவதுமாக அடைக்கப்பட வேண்டும். அது எந்த நாள் என்பதைக் கடைக்குள் எல்லாரும் காணுமிடத்தில் எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் அந்த நாளை மாற்றக் கூடாது. உணவகமும் திரையரங்கும் திறந்திருக்கலாம், ஊழியர் முறைவைத்து ஓய்வு பெறட்டும். கடை மட்டும் அடைபட வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே செய்தார்கள்.

1947-இல் சென்னை மாகாணம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை இயற்றியது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு ஆகியவை அதில் உறுதி பெற்றன. சத்தியவேட்டுத் தோழர்களுக்கு இது அயலூர்ச் சட்டமன்று. இந்தப் பகுதி அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னை மாநிலத்துக்குள் இருந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. பின்னர் ஆந்திரப் பிரதேசம் 1966-இலும் 1988-இலும் கடைகள், நிறுவனங்கள் சட்டங்களை இயற்றியது. 2022-இல் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது சத்தியவேடு சித்தூரிலிருந்து பிரிந்து அதனோடு சேர்ந்தது. மாநிலம் மாறியது, மாவட்டம் மாறியது, அலுவல் மொழி மாறியது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற உரிமை மட்டும் ஏட்டில் மாறாமல் இருந்தது. ஊத்துக்கோட்டைக் கடையில் நிற்பவரும் சத்தியவேட்டுக் கடையில் நிற்பவரும் ஒரே உரிமையின் வாரிசுகள்.

அடைத்த கதவே ஆய்வாளர்

கடை முழுவதுமாக அடைபட வேண்டும் என்ற விதியின் பொருள் என்ன? வணிகத்தைக் கெடுக்கும் பழைய கட்டுப்பாடு என்று இன்று அது இகழப்படுகிறது. உண்மையில் கடை ஊழியருக்குக் கிடைத்த காவல்களிலேயே மிக மலிவானதும் மிக வலிமையானதும் அதுதான்.

ஆலையில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக வேலை செய்கிறார்கள். வருகைப் பதிவு இருக்கிறது. சங்கம் வைக்க வழி இருக்கிறது. கடையில் இரண்டு பேர் அல்லது மூன்று பேர். முதலாளி பெரும்பாலும் உறவினர் அல்லது ஊர்க்காரர். வேலைக்கு ஆணைக் கடிதம் இல்லை. பதிவேட்டை எழுதுபவர் முதலாளி. கையெழுத்துப் போடச் சொல்பவரும் அவரே. விடுமுறை கொடுத்ததாக எழுதி, வேலை வாங்கினாலும் அதை மெய்ப்பிக்க ஊழியருக்குச் சான்றில்லை. தொழிலாளர் துறை ஆய்வாளர் பல ஊர்களுக்கு ஒருவர்.

ஷட்டர் இறங்கியிருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. தெருவில் போகும் சிறுவனும் அதைக் காண்கிறான். பதிவேடு வேண்டாம், சாட்சி வேண்டாம். அடைத்த கதவே ஆய்வாளராகி நிற்கிறது. அதை மீறிக் கடையைத் திறந்தால் பக்கத்துக் கடைக்காரரே முறையிடுவார். ஏனெனில் அவர் அடைத்திருக்கும்போது இவர் திறந்திருப்பது அவருக்கு இழப்பு. சட்டத்தை நிலைநிறுத்தும் பொறுப்பு, ஒற்றை ஊழியரின் தோளிலிருந்து இறங்கி ஊரின் பொதுப் பொறுப்பாகிறது.

இந்தக் காவலைத்தான் புதிய தாராளவாதக் கொள்கை பிடுங்குகிறது. 2016 ஜூனில் மத்திய அமைச்சரவை மாதிரிக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒப்புதல் தந்து மாநிலங்களுக்கு அனுப்பியது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஆண்டின் 365 நாளும் எந்த நேரமும் திறந்து வைக்கலாம். மகாராஷ்டிரம் 2017-இல் அந்த வழியில் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் 2019-இல், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் எல்லா நாளும் திறந்திருக்க மூன்றாண்டுகளுக்கு அனுமதி தரப்பட்டது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. ஒவ்வோர் ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை, நாளொன்றுக்கு 8 மணி நேரம், மிகைநேரம் சேர்த்தாலும் பத்தரை மணிக்கு மேற்படக் கூடாது, இரவு 8 மணிக்குப் பின் பெண்களை அவர்களின் எழுத்துமூல இசைவின்றி வேலை வாங்கக் கூடாது என்றெல்லாம் அவ்வாணை நிபந்தனைகளை அடுக்குகிறது. நிபந்தனைகள் நல்லவையே. ஆனால் அவற்றுள் எதையும் தெருவிலிருந்து பார்த்து அறிய முடியாது. அனைத்தும் கடைக்குள் இருக்கும் ஏட்டில் அடங்கிவிடுகின்றன. கதவு என்ற ஆய்வாளரை நீக்கிவிட்டு, முதலாளி எழுதும் ஏட்டை அந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பத்துப் பேர் என்ற வரம்பையும் கவனியுங்கள். பெரிய நிறுவனம் ஐம்பது பேரை வைத்துச் சுழற்சி முறையில் கடையைத் திறந்து வைக்க முடியும். ஓர் உதவியாளை வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் யாரைச் சுழற்றுவார்? பெரிய கடை திறந்திருப்பதால் அவரும் திறக்கிறார். அவருடைய மனைவியும் பிள்ளையும் கல்லாவில் உட்காருகிறார்கள். உதவியாளின் ஓய்வும் போகிறது. 365 நாள் திறப்பு பெருவணிகத்துக்குத் தரப்படும் சலுகை. சிறு வணிகர் மீது விதிக்கப்படும் தண்டனை. எனவே வார அடைப்புப் போராட்டத்தில் சிறு கடைக்காரர் எதிரி அல்லர். அவரைத் தோழமைச் சக்தியாக வென்றெடுக்க வேண்டும்.

திறந்து வைத்தால் வேலைவாய்ப்புப் பெருகும் என்ற வாதமும் நிற்காது. ஞாயிறன்று சேலை எடுத்தவர் திங்களன்று இன்னொரு சேலை எடுப்பதில்லை. மக்களின் கையிலுள்ள பணம் கூடாதவரை, ஆறு நாள் விற்பனை ஏழு நாளாகப் பரவும், அவ்வளவே. வாங்கும் சக்தி கூலியிலிருந்து வருகிறது. கடை விளக்கிலிருந்து வருவதில்லை.

சுழற்சி முறைக்குச் சோவியத் தந்த பாடம்

வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் போதாதா, அது எல்லாருக்கும் ஒரே நாளாக இருக்க வேண்டுமா என்று தோழர்கள் கேட்கலாம். இதற்கு விடை தரும் பட்டறிவு சோசலிச முகாமின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதை மறைக்காமல் கற்க வேண்டும்.

1929-இல் சோவியத் ஒன்றியம் இடைநில்லா உற்பத்தி வாரத்தை அறிமுகம் செய்தது. நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. தொழிலாளர்கள் ஐந்து பிரிவுகளாக்கப்பட்டு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நாள் ஓய்வு தரப்பட்டது. எந்திரங்கள் ஒரு நாளும் நிற்கவில்லை. எண்ணிக்கையால் பார்த்தால் ஓய்வு நாட்கள் முன்னைவிடக் கூடின. ஆயினும் தொழிலாளர்கள் முறையிட்டனர். கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள், பிள்ளைகளுக்குப் பள்ளி. வீட்டில் தனியே உட்கார்ந்திருப்பது என்ன ஓய்வு என்பதே அவர்களின் குறை. எல்லாரும் கூடும் நாள் இல்லாதபோது கூட்டம் நடத்துவதும் கடினமாயிற்று. 1931-இல் பொது ஓய்வு நாளோடு கூடிய ஆறு நாள் வாரம் வந்தது. 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் மீண்டன.

உழைப்பாளிகளின் அரசு, உற்பத்தியைப் பெருக்கும் நோக்கத்தோடு செய்த ஏற்பாடே மக்களின் கூடிவாழும் தேவைக்கு முன் பின்வாங்க நேர்ந்தது. இலாபம் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட நிறுவனம் தரும் சுழற்சி விடுமுறை அதைவிட நன்மை தரும் என்று எவரும் நம்ப வேண்டியதில்லை. ஓய்வு என்பது உடல் களைப்பாறுவது மட்டுமன்று. திருமணத்துக்குப் போவதும், துக்கம் கேட்கப் போவதும், பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதும், சங்கக் கூட்டத்துக்கு வருவதும் ஓய்வின் பகுதிகளே. ஆளுக்கொரு நாளாகச் சிதறிய ஓய்வில் இவை நிகழ்வதில்லை. சங்கக் கூட்டத்துக்குக் கடை ஊழியர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்கும் தோழர்கள் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் இன்றைய நிலை

வளர்ந்த நாடுகளில் எல்லாக் கடைகளும் எந்நாளும் திறந்திருக்கின்றன என்ற பேச்சும் உண்மையன்று. ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பு ஞாயிற்றை ஓய்வு நாளாகப் பாதுகாத்தது. 1949-இல் வந்த அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க பெர்லின் மாநிலம் செய்த சட்டம் செல்லாது என்று 2009 டிசம்பர் 1 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவை தேவாலயங்கள். கடை ஊழியர்களின் வெர்டி தொழிற்சங்கமும் ஞாயிறு ஓய்வுக்காகத் தொடர்ந்து போராடி வருகிறது. ஜெர்மனியின் வணிகம் இதனால் அழிந்துவிடவில்லை.

பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் ஞாயிறு வணிகக் கட்டுப்பாட்டை முற்றாக நீக்க 1986-இல் கொண்டுவந்த மசோதா, அவருடைய கட்சி உறுப்பினர்கள் பலரே எதிர்த்து வாக்களித்ததால் ஏப்ரல் 14 அன்று தோற்றது. கடை ஊழியர் சங்கமான உஸ்டா அந்த எதிர்ப்பில் முன்னின்றது. 1994-இல் ஞாயிறு வணிகம் அனுமதிக்கப்பட்டபோதும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகளுக்கு ஞாயிறன்று ஆறு மணி நேரமே என்ற வரம்பு இடப்பட்டது. ஞாயிறு வேலையை மறுக்கும் உரிமையும் ஊழியர்க்குத் தரப்பட்டது. அந்த ஆறு மணி நேர வரம்பைத் தளர்த்த 2016-இல் அரசு முயன்றது. 317-க்கு 286 என்ற வாக்குகளில் முயற்சி தோற்றது. போலந்தில் 2018 முதல் ஞாயிறு வணிகம் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அங்கே முன்முயற்சி எடுத்தது சாலிடாரிட்டி தொழிற்சங்கம். அதற்குத் துணை நின்றவை தேவாலயமும் வலதுசாரி அரசும். நோக்கங்கள் வேறுபட்டாலும் கோரிக்கை ஊழியரின் தேவையிலிருந்து எழுந்தது.

ஐரோப்பாவை எடுத்துக்காட்டுவது அதைப் போற்றுவதற்காக அன்று. அங்கும் ஒவ்வோர் ஆண்டும் இந்த உரிமை அரிக்கப்பட்டு வருகிறது. சங்கம் வலுவாக நின்ற இடத்தில் ஞாயிறு காக்கப்பட்டது என்பதே கற்க வேண்டியது.

ஊரில் உள்ள சான்று

தொலைவிலுள்ள சான்றை விட்டு அருகில் பார்த்தாலும் உண்மை விளங்கும். தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் முடிதிருத்தும் நிலையங்கள் செவ்வாய்க்கிழமை அடைத்திருப்பது நெடுங்கால வழக்கம். செவ்வாயன்று முடிவெட்ட முடியவில்லையே என்று எந்த நுகர்வோரும் கிளர்ச்சி செய்ததில்லை. ஊரே அந்த நாளுக்குத் தன் வழக்கத்தை அமைத்துக்கொண்டது. ஞாயிறன்று ஊருக்கு ஓய்வு. அன்று முடிதிருத்துவோர்க்கு வேலை மிகுதி. செவ்வாயன்று அவர்களுக்கு ஓய்வு. ஆலைத் தொழிலாளிக்கும் கடை ஊழியருக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு நடைமுறைத் தீர்வு இதில் இருக்கிறது.

தில்லியிலும் அங்காடிக்கு அங்காடி அடைப்பு நாள் வேறு. சாந்தினி சௌக்குக்கு ஞாயிறு. கரோல்பாக், லாஜ்பத் நகர் அங்காடிகளுக்குத் திங்கள். உலகமே காண வரும் தாஜ்மகால் வெள்ளிக்கிழமை அடைத்திருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. வருவோரின் வசதியைக் காரணம் காட்டிக் கடைகளை 365 நாளும் திறக்கச் சொல்லும் அரசுகள், தம் பொறுப்பிலுள்ள காட்சியிடங்களுக்கு வார விடுமுறை விட்டுத்தான் நடத்துகின்றன. வருவோர் நாளறிந்து வருகிறார்கள்.

பண்டைத் தமிழரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டி, இரவும் பகலும் வணிகம் நடப்பது நம்மூர் மரபே என்று கூறுவோரும் உளர். மதுரைக்காஞ்சி இரண்டையும் தனித்தனியே பெயரிட்டுப் பாடுகிறது. பகலில் நின்றவரே இரவிலும் நின்றார் என்று அது சொல்லவில்லை.

ஆந்திரத்தில் செய்ய வேண்டியது

2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை ஆலைகளில் நாள் வேலை நேரத்தை 9-லிருந்து 10 மணியாகவும், இடைவேளைக்கு முன் தொடர்ந்து வேலை வாங்கும் நேரத்தை 5-லிருந்து 6 மணியாகவும், காலாண்டு மிகைநேர வரம்பை 75-லிருந்து 144 மணியாகவும் உயர்த்த முடிவு செய்தது. ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் இதற்கு எதிரான குரலும் ஒலித்தது. இது ஆலைத் தொழிலாளியின் சிக்கல், கடை ஊழியருக்கு என்ன என்று கருதுவது பிழை. ஆலையில் வேலை நாள் நீண்டால், அந்தத் தொழிலாளி கடைக்கு வரும் நேரம் இன்னும் பின்தள்ளப்படும். கடை இன்னும் நேரங்கழித்து அடைக்கப்படும். ஆலையில் கூடும் ஒவ்வொரு மணியும் கடையிலும் கூடுகிறது. 1855-இன் இலண்டன் பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

எதிர்த்து நின்றால் வெல்ல முடியும் என்பதற்கு எல்லைக்கு அப்பால் சான்று உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேற்றப்பட்டது. இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் ஒருங்கே எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் கடைப் பெண்கள் தம் அமைப்பின் வழியே போராடி 2018-இல் உட்காரும் உரிமையைப் பெற்றார்கள். 2021-இல் தமிழ்நாடும் அதைச் சட்டமாக்கியது. நாற்காலி கேட்பது சிறிய கோரிக்கை என்று தொடக்கத்தில் சிரித்தவர்கள் இருந்தார்கள்.

சத்தியவேடு வட்டாரத்தில் பணியாற்றும் தோழர்கள் கைக்கொள்ள வேண்டிய வேலைகள் தெளிவானவை.

முதலாவது, கடைத்தெரு முழுமைக்கும் பொதுவான வார அடைப்பு நாள். அது ஞாயிறாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆலைத் தொழிலாளியின் ஓய்வு நாளோடு மோதாத நாளைக் கடை ஊழியர்களும் சிறு வணிகர்களும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். மருந்துக் கடையும் உணவகமும் பால் விற்பனையும் இதில் அடங்கா. அங்கே சுழற்சி விடுமுறை தவிர்க்க இயலாதது. ஆனால் யாருக்கு எந்நாள் விடுமுறை என்ற பட்டியல் வாடிக்கையாளர் காணும்படி வெளியே தொங்க வேண்டும்.

இரண்டாவது, கடை ஊழியரும் குடும்பத்தோடு இருக்கும் ஞாயிறு. வார அடைப்பு வேறு நாளில் அமைந்தாலும், ஞாயிறு மாலையில் கடைகள் முன்னதாக அடைபட வேண்டும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து உண்ண ஒரு வேளையாவது அப்போது கிடைக்கும்.

மூன்றாவது, ஆலைச் சங்கமும் கடை ஊழியர் சங்கமும் ஒரே மேடையில் நிற்பது. வேலை நேர உயர்வை எதிர்க்கும் ஆலைத் தொழிலாளர் இயக்கத்தில் கடை ஊழியர் பங்கேற்க வேண்டும். கடையின் அடைப்பு நாளை மதித்து அன்று வாங்குவதைத் தவிர்க்குமாறு ஆலைத் தொழிலாளர்களிடையே பரப்புரை நடக்க வேண்டும். கைப்பேசியில் கேட்டதும் பொருளை வீட்டுக்குக் கொண்டுவரும் இளைஞர்களுக்கு வார ஓய்வு என்ற சொல்லே இல்லை. அவர்களையும் இந்த அணியில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடையை அடைத்த நாளில் அவர்களின் முதுகின்மேல் வணிகம் நடக்கும்.

நான்காவது, உரிமையைத் தாய்மொழியில் சொல்வது. சத்தியவேட்டுக் கடைகளில் தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், இரண்டும் பேசுவோர் கலந்து வேலை செய்கிறார்கள். சட்டம் கூறும் வேலை நேரமும் விடுமுறையும் என்னவென்று இரு மொழிகளிலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் கொண்டு செல்ல வேண்டும். தன் உரிமையைத் தன் மொழியில் படிக்க முடியாதவர் அதைக் கேட்டுப் பெற இயலாது.

தோழர்களே! பம்பாய் ஆலைத் தொழிலாளி வார ஓய்வை வென்று 135 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த நாள் இன்னும் ஜவுளிக்கடைப் பெண்ணை முழுமையாக வந்தடையவில்லை. வழியிலேயே அதை மறிக்கும் முயற்சிகள் சட்டத்தின் உருவில் வருகின்றன. சத்தியவேட்டுக் கடைத்தெருவில் வாரத்தில் ஒரு நாள் எல்லா ஷட்டர்களும் ஒன்றாக இறங்கினால், அது சிறிய செய்தியாகவே தோன்றும். இறங்கிய ஷட்டருக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் அடுப்பருகே ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்பதைத் தோழர்கள் எண்ணிக் கொள்ளலாம். முதலில், கடைத்தெருவில் எத்தனை கடைகள், எத்தனை ஊழியர், எவருக்கு எந்நாள் ஓய்வு என்ற கணக்கை எடுத்து வாருங்கள். அடுத்த கூட்டம் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.